14.6 கம்ப்ரெஷன் இன்ஜினுக்கு 150 ஷாட் நைட்ரஸ், தாங்குமா?

கால்மைல்:

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாள் ஓரமா உக்காந்து படிச்சதோட சரி, இன்னைக்குத்தான் வாயைத் திறக்கிறேன்.

இன்ஜின் விவரம்: ஸ்மால் பிளாக் செவி, 434 கன அங்குலம் (போர் 4.155, ஸ்ட்ரோக் 4.000). கம்ப்ரெஷன் 14.6க்கு 1. டோம் பிஸ்டன், 2618 அலுமினிய ஃபோர்ஜிங். அலுமினிய ராடு. சாலிட் ரோலர் கேம், லோப் செபரேஷன் 106 டிகிரி. சிங்கிள் பிளேன் மேனிஃபோல்டு, மேல ஒரே கார்ப். டைனோவுல 780 ஹெச்பி காட்டுச்சு. பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், 6,000 ஆர்பிஎம் ஸ்டால் கன்வெர்ட்டர். வண்டி ஆளோட சேத்து 2,600 பவுண்டு. கால் மைல் 8.9 செகண்டுல போகுது, கோடு தாண்டுறப்ப மணிக்கு 150 மைல்.

இதுக்கு மேல நேச்சுரலா (நைட்ரஸ் இல்லாம) நேரத்தைக் குறைக்கணும்னா ஹெட்டு, கேம், மேனிஃபோல்டுன்னு எல்லாத்தையும் மாத்தணும். அதுக்குப் பதிலா கார்புக்குக் கீழ நைட்ரஸ் பீய்ச்சுற ஒரு பிளேட் வச்சு 150 ஷாட் (150 ஹெச்பி கூட்டுற அளவு நைட்ரஸ்) விடலாம்னு யோசனை. ஒரு நண்பர், “கம்ப்ரெஷனை 11க்கு இறக்காம நைட்ரஸ் பக்கமே போகாதே”ங்கிறார். இன்னொருத்தர், “நல்ல ஃப்யூவல் ஊத்தி ஸ்பார்க் டைமிங்கைக் குறைச்சா போதும்”ங்கிறார். ரெண்டு பேரும் அனுபவசாலிங்க. யார் சொல்றதைக் கேக்குறது?


நாலாம்கியர்:

முதல் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். 14.6 என்பது நேச்சுரல் இன்ஜினுக்கே ஆக்டேனின் எல்லைக்குப் பக்கத்தில் நிற்கும் கம்ப்ரெஷன். பிஸ்டன் மேலே வரும்போதே கலவை அவ்வளவு அழுத்தமும் சூடும் ஏறி நிற்கிறது. அதன் மேல் நைட்ரஸையும் திணித்தால் சிலிண்டர் பிரஷர் எங்கே போய் நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. டிட்டனேஷன் (கலவை தானாகவே வெடிப்பது) ஒரு தடவை வந்தால் போதும், ஹெட் கேஸ்கெட்டில் ஆரம்பித்து பேரிங் வரை பில் வரும். தெருவில் ஓடும் 10 கம்ப்ரெஷன் இன்ஜினுக்கு 150 ஷாட் விளையாட்டுச் சாமான். உங்களுடையது அந்த ரகம் இல்லை.


பழையரிங்:

தம்பி கால்மைல், பயப்படாதே, அவசரமும் படாதே.

நாலாம்கியர் சொல்றதுல பாதி சரி. ஆனா கம்ப்ரெஷன்தான் முதல் எதிரிங்கறதை நான் ஒத்துக்க மாட்டேன். ப்ரோ மாட் டிராக் ரேஸ் பிரிவுல நைட்ரஸ் போட்டு ஓடுற 900 கன அங்குல இன்ஜினெல்லாம் என்ன 10 கம்ப்ரெஷனா? 14ஐத் தாண்டித்தான் இருக்கும். அதுல நைட்ரஸ் ஒரு ஸ்டேஜோட நிக்கிறதும் இல்ல. அது உயிரோட இருக்குன்னா கம்ப்ரெஷன் கம்மிங்கறதால இல்ல. பிஸ்டன், ரிங், கேம், ஃப்யூவல் எல்லாத்தையும் நைட்ரஸை மனசுல வச்சே செஞ்சிருக்காங்க. உன் இன்ஜினை செஞ்சவர் மனசுல நைட்ரஸ் இருந்திருக்காது. சிக்கல் அங்கதான்.

இதுக்கெல்லாம் பதில் சொல்லு, அப்புறம் பேசலாம். டாப் ரிங் கேப் எவ்வளவு? டாப் ரிங் பிஸ்டன் தலையிலருந்து எவ்வளவு கீழ இருக்கு? பிஸ்டனையும் ராடையும் இணைக்கிற பின்னோட சுவர் தடிமன்? கேஸ்கெட் என்ன? இப்ப என்ன ஃப்யூவல் ஊத்துறே?


மெதுவாப்போ:

150 ஷாட்டுன்னு ஆரம்பிக்கிறவங்க யாரும் 150ல நின்னதா சரித்திரம் இல்ல. ஜெட் பெட்டியில 250ம் சேர்ந்தே வரும், கையும் சும்மா இருக்காது. நாற்காலி போட்டாச்சு, நடத்துங்க.


அணு_எடை:

வேதியியல் பக்கத்தைக் கொஞ்சம் சொல்லி வைக்கிறேன். இது தெரியாமல் டைமிங் பற்றிப் பேசுவது வீண்.

நைட்ரஸ் ஆக்சைடு தானாக எரியும் பொருள் இல்லை. அது ஆக்சிஜனைச் சுமந்து வரும் வாகனம். எடைக் கணக்கில் அதில் 36.4 சதவீதம் ஆக்சிஜன்; காற்றில் சுமார் 23 சதவீதம்தான். சிலிண்டர் சூட்டில் மூலக்கூறு உடைந்து நைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிகிறது. அந்த உடைப்பே ஒரு மோலுக்கு சுமார் 82 கிலோஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. மீதி எல்லாம் கூடுதல் பெட்ரோல் எரிவதால் வருவது.

பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. காற்றில் ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய நாலு பங்கு நைட்ரஜன் இருக்கிறது. நைட்ரஸ் உடைந்தால் ஒரு பங்கு ஆக்சிஜனுக்கு இரண்டே பங்கு நைட்ரஜன். வேலை செய்யாமல் சூட்டை மட்டும் வாங்கிக்கொள்ளும் கூட்டம் பாதியாகிவிடுகிறது. அதனால் தீ வேகமாகப் பரவுகிறது. தீ வேகமானால் அழுத்தம் சீக்கிரமே உச்சிக்குப் போகும். ஸ்பார்க்கைப் பழைய இடத்திலேயே விட்டால், பிஸ்டன் மேலே வந்துகொண்டிருக்கும்போதே அந்த உச்சி வந்து தலையில் அடிக்கும். டைமிங்கைக் குறைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆக்டேன் பற்றாக்குறைக்கு ஒட்டுப்போடும் வேலை என்று சிலர் நினைப்பது தவறு.

கம்ப்ரெஷன் அதிகமான இன்ஜினில் தீ ஏற்கெனவே வேகம். ஆகவே 50 ஹெச்பிக்கு 2 டிகிரி என்ற பொது விதியை 14.6க்கு அப்படியே நம்பாதீர்கள். அது ஆரம்பப் புள்ளி கூட இல்லை, கீழ் வரம்பு.


கால்மைல்:

பழையரிங் அண்ணே, பில்டு ஷீட்டைத் தேடி எடுத்துட்டேன்.

டாப் ரிங் கேப் 0.018 அங்குலம். ரிங் தடிமன் 1 மில்லிமீட்டர். மேலருந்து 0.150 அங்குலம் கீழ இருக்கு. வெர்ட்டிகல் கேஸ் போர்ட் உண்டு. ஆயில் ரிங் லோ டென்ஷன், வேக்கம் பம்ப் இருக்கு. கேஸ்கெட் எம்எல்எஸ் (பல அடுக்கு ஸ்டீல்), ஹெட்டுக்கு ஸ்டட். பின் தடிமன் ஷீட்டுல இல்ல. ஃப்யூவல், மோட்டார் ஆக்டேன் 110 உள்ள லெடட் ரேஸ் பெட்ரோல். டைமிங் மொத்தம் 34 டிகிரி.


பழையரிங்:

நெனச்சேன். அச்சு அசலான நேச்சுரல் இன்ஜின் ஷீட்டு. செஞ்சவர் கெட்டிக்காரர், குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா அவர் எடுத்த ஒவ்வொரு முடிவும் நைட்ரஸுக்கு எதிர்த்திசையில இருக்கு.

ரிங் கேப்பை எடுத்துக்க. நேச்சுரல் ரேஸ் இன்ஜினுக்கு போர் அங்குலத்துக்கு 0.004லருந்து 0.0045ன்னு வைப்பாங்க. உனக்கு 4.155ஐப் பெருக்குனா 0.018 வந்துருது. நைட்ரஸுக்கு அங்குலத்துக்கு 0.006லருந்து 0.007 வேணும். அதாவது 0.025க்கும் 0.029க்கும் நடுவுல. ஏன்னு கேட்டா, ரிங்கோட சுற்றளவு 13 அங்குலம். போரைவிட ரிங் 100 டிகிரி செல்சியஸ் கூடுதலா சூடேறுச்சுன்னா அது சுமார் 0.014 அங்குலம் நீளும். உன் 0.018ல மிச்சம் 0.004. இன்னும் ஒரு முப்பது டிகிரி ஏறட்டும், ரெண்டு முனையும் முட்டிக்கும். முட்டுன ரிங் எங்க போகும்? வெளிப்பக்கம் சிலிண்டர் சுவரு. அப்படியே இறுகிப் பிடிச்சுக்கும். பிஸ்டனோ நிமிஷத்துக்கு 8,000 தடவை மேலயும் கீழயும் இழுத்துக்கிட்டு ஓடுது.

இப்படி ஆன பிஸ்டன் என் பெஞ்சுக்கு வந்திருக்கு. மேல பாத்தா டோம் சுத்தமா இருக்கும், ஓட்டை இல்ல, உருகல் இல்ல. ஓரத்தைத் திருப்பிப் பாத்தா டாப் ரிங்குக்கு மேல இருக்கிற பிஸ்டன் ஓரம், அதாவது லேண்டு, ஒரு விரல் அகலத்துக்குப் பேந்து வந்திருக்கும். பேந்த இடம் மாவு மாதிரி சொரசொரன்னு இருக்கும், ரிங் முனை ரெண்டும் கண்ணாடி மாதிரி பளபளன்னு தேஞ்சிருக்கும். அந்தப் பளபளப்பைப் பாத்தாலே தெரிஞ்சுரும், முட்டியிருக்குன்னு. வண்டிக்காரர் “டிட்டனேஷன், கம்ப்ரெஷன் அதிகம்”னு சொல்லிக்கிட்டு நிப்பார். கம்ப்ரெஷன் மேல ஒரு குத்தமும் இருக்காது.

அடுத்தது ரிங் இடம். 0.150ங்கறது நேச்சுரலுக்கு நல்லது, ரிங்குக்கு மேல இருக்கிற சந்துல எரியாத கலவை ஒளியறது குறையும். ஆனா ரிங் தீக்கு ரொம்பப் பக்கத்துல உக்காந்திருக்கு, அதுக்கு மேல இருக்கிற லேண்டும் மெல்லிசு. நைட்ரஸ் பிஸ்டன்ல அது 0.300 பக்கம் இறங்கிருக்கும், தலையும் தடியா இருக்கும். ரிங்கை வெளிய எடுத்து அரம் போட்டு கேப்பைப் பெருசாக்கிறலாம். லேண்டைத் தடியாக்க முடியாது.

வெர்ட்டிகல் கேஸ் போர்ட் பத்தியும் ஒண்ணு. பிஸ்டன் தலையிலருந்து நேரா ரிங்குக்குப் பின்னாடி ஓட்டை போட்டு வச்சிருக்காங்க. சிலிண்டர்ல பிரஷர் எவ்வளவு ஏறுதோ அவ்வளவு அழுத்தமா ரிங்கைச் சுவர்ல தள்ளும். 780 ஹெச்பிக்கு அது வரம். 930க்கு அதே ஓட்டை ரிங்கையும் சுவரையும் சீக்கிரம் தின்னும். ஓடும், ஆனா அடிக்கடி பிரிச்சுப் பாக்கணும்.


நாலாம்கியர்:

பழையரிங், ரிங் பற்றிச் சொன்னது அத்தனையும் ஏற்கிறேன். ஆனால் ப்ரோ மாட் இன்ஜினை இங்கே உதாரணமாகக் கொண்டுவந்தது பொருத்தமில்லை. அது 900 கன அங்குலம். போரும் பெரிது, பிளாக்கும் திடமான பில்லட் அலுமினியம். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்க ஒரு குழுவே நிற்கும். இவர் தனி ஆள்.

இன்னொன்று, டிட்டனேஷனையும் ப்ரீஇக்னிஷனையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். டிட்டனேஷனில் ஸ்பார்க் வந்த பிறகு, தீ இன்னும் போய்ச் சேராத மூலையில் இருக்கும் கலவை தானே வெடிக்கிறது. ப்ரீஇக்னிஷனில் ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஏதோ ஒரு சூடான முனை கொளுத்திவிடுகிறது. 14.6 வருவதற்காக இவர் பிஸ்டனில் ஒரு மலையே நிற்கும். அந்த டோமின் கூர் விளிம்பு, வால்வ் பாக்கெட்டின் ஓரம், நீட்டிக்கொண்டிருக்கும் பிளக் முனை எல்லாமே சூடான புள்ளியாக மாறக்கூடியவை. போதாக்குறைக்கு அந்த மலையைச் சுற்றிக்கொண்டுதான் தீ அந்தப் பக்கம் போக வேண்டும். தட்டைப் பிஸ்டனில் 13 வைப்பதும் டோம் பிஸ்டனில் 14.6 வைப்பதும் எண்ணில் பக்கம் பக்கம், எரியும் விதத்தில் வெகு தூரம். கம்ப்ரெஷனைக் குறை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.


பழையரிங்:

டோம் பத்திச் சொன்னீங்க பாருங்க, அதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்ல. விளிம்பை உருட்டி விடுறது கட்டாயம். 11 வரைக்கும் இறக்கணும்ங்கறதைத்தான் நான் ஒத்துக்கல. 11க்கு இறக்குனா நைட்ரஸ் அடிக்காத நேரத்துல வண்டி சோம்பிப் போயிரும். அந்தக் கேமோட லேட் இன்டேக் குளோஸிங்குக்கு 11 சுத்தமாப் பத்தாது, கீழ டார்க்கே இருக்காது.


சிவப்புக்கோடு:

ஓட்டுறவன் பக்கத்துலருந்து ஒரு விஷயம். இங்க எல்லாரும் 150 ஹெச்பி, 150 ஹெச்பின்னே பேசுறீங்க. இன்ஜினை உடைக்கிறது ஹெச்பி இல்ல, டார்க்.

ஜெட்டு ஒரு ஓட்டை. அது செகண்டுக்கு எவ்வளவு நைட்ரஸ் விடுதோ அதைத்தான் விடும், ஆர்பிஎம் எவ்வளவுன்னு அதுக்குத் தெரியாது. 8,000ல ஓடுறப்ப ஒரு ஃபயரிங்குக்கு வர்ற நைட்ரஸ் ஒரு பங்குன்னா, 4,000ல அதே சிலிண்டருக்கு ரெண்டு பங்கு வந்து நிக்கும். கணக்குப் போடுங்க: 8,000ல 150 ஹெச்பின்னா 98 பவுண்டு-அடி டார்க். 4,000ல அதே 150ன்னா 197. இன்ஜினோட சொந்த டார்க் மேல இது ஏறி உக்காருது.

அதனால 3,000, 4,000ல பட்டனை அமுக்குறவன் 150 ஷாட் போடல, 300 ஷாட்டோட அடியைப் போடுறான். உங்க கன்வெர்ட்டர் 6,000ங்கறது இந்த விஷயத்துல நல்ல காலம். விண்டோ ஸ்விட்ச் (குறிப்பிட்ட ஆர்பிஎம்முக்குள்ள மட்டும் நைட்ரஸை விடுற ஸ்விட்ச்) வச்சு 6,000க்குக் கீழ நைட்ரஸ் வால்வான சாலினாய்டு திறக்கவே கூடாதுன்னு பூட்டிருங்க. மேல் எல்லையை ரெவ் லிமிட்டருக்கு ஒரு 300 ஆர்பிஎம் கீழ வைங்க. நைட்ரஸ் ஓடிக்கிட்டிருக்கிறப்ப லிமிட்டர் ஸ்பார்க்கை வெட்டுச்சுன்னா எரியாத நைட்ரஸும் பெட்ரோலும் மேனிஃபோல்டுலயும் எக்ஸாஸ்ட்லயும் தேங்கும், அடுத்த ஸ்பார்க்குல பட்டாசு. கார்ப் பானட்டைக் கிழிச்சுக்கிட்டுப் போறது அப்பத்தான்.

கியர் கணக்கும் பாத்துக்குங்க. டயரும் ரேஷியோவும் என்ன?


கால்மைல்:

டயர் 32 அங்குலம், பின்னாடி 4.86. கோட்டுல இப்ப 8,100.


சிவப்புக்கோடு:

அப்ப இப்பவே சொல்லிடலாம். 780ஐ 930 ஆக்குனா வேகம் ஹெச்பியோட கனமூலத்துல ஏறும்; 150 மைல் 159 பக்கம் போகும், நேரம் காகிதத்துல 8.4. கன்வெர்ட்டர் வழுக்கல் இப்ப மாதிரியே இருக்கும்னு வச்சாலும் கோட்டுல 8,600. உண்மையில வழுக்கல் கூடும், ஏன்னா அது 780 ஹெச்பிக்குக் கட்டுன கன்வெர்ட்டர். 8,800, 8,900ல நைட்ரஸோட கோட்டைத் தாண்டுறதுக்கு உங்க வால்வ் ஸ்பிரிங் ஒத்துக்குமா? பின்னாடி 4.56 போட்டு கன்வெர்ட்டரைக் கொஞ்சம் இறுக்குங்க. நைட்ரஸ் கிட் வாங்குறவங்க இந்தச் செலவைக் கணக்குல சேக்கிறதே இல்ல.


ஈரத்தட்டு:

பெரியவங்க இன்ஜினைப் பாத்துட்டாங்க, நான் ஃப்யூவலுக்கும் பிளேட்டுக்கும் வர்றேன்.

எனக்குத் தெரிஞ்சு நைட்ரஸ்ல செத்த இன்ஜின் பெரும்பாலானது பெட்ரோல் பத்தாம செத்ததுதான். 100 ஹெச்பிக்கு மணிக்கு சுமார் 50 பவுண்டு பெட்ரோல் வேணும், 150க்கு 75. இதை இப்ப இருக்கிற பம்ப்லருந்தே இழுத்தா நைட்ரஸ் திறக்கிற அந்த நொடியில கார்ப் பக்கமும் பிரஷர் விழும். அதனால நைட்ரஸுக்குத் தனியா சின்ன டேங்க், தனி பம்ப், தனி ரெகுலேட்டர். இதுல இன்னொரு லாபமும் இருக்கு: அந்த டேங்க்ல மட்டும் மோட்டார் ஆக்டேன் 117 உள்ள விபி சி16 ரேஸ் பெட்ரோல் ஊத்திக்கலாம். ஆனா 14.6க்கு நான் மெயின் டேங்கையும் அதுக்கே மாத்திருவேன். 110ஐ நம்பி நைட்ரஸ் போடாதீங்க.

ரெகுலேட்டரை செட் பண்றப்ப சாலினாய்டு மூடியிருக்க கேஜைப் பாத்து 6 பிஎஸ்ஐன்னு வச்சிட்டுப் போயிடுவாங்க. அது தேங்கி நிக்கிற பிரஷர். லைனைக் கழட்டி அதே அளவு ஜெட்டு வழியா ஒரு கேன்ல ஓடவிட்டு, ஓடுறப்ப 6 இருக்கான்னு பாருங்க. சிலதுல ஓடவிட்டதும் 4.5க்கு விழும், நம்பவே முடியாது. பிரஷர் ஒரு அளவுக்குக் கீழ போனா நைட்ரஸ் சாலினாய்டை வெட்டுற சேஃப்டி ஸ்விட்ச் ஒண்ணையும் போட்டுருங்க.

பிளேட்டா, சிலிண்டருக்கு ஒரு நாசில் வைக்கிற ஃபாகரான்னா, 150க்கு பிளேட் போதும். எட்டு சிலிண்டருக்கும் சமமாப் போகாது, அது உண்மை. சிங்கிள் பிளேன்ல மூலையில இருக்கிற நாலுக்கும் நடுவுல இருக்கிற நாலுக்கும் வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தை பிளக்ல பாத்து, எது லீனோ (பெட்ரோல் கம்மியோ) அதுக்கு ஏத்த மாதிரி மொத்தமா ரிச் பண்ணி (பெட்ரோலைக் கூட்டி) வைக்கணும். 250க்கு மேல போனா சிலிண்டருக்கு ஒரு நாசில்தான் நல்லது.


மெதுவாப்போ:

பாத்தீங்களா, 250 வந்துருச்சு.


அணு_எடை:

பாட்டில் பிரஷரைப் பற்றி யாரும் பேசவில்லை. நைட்ரஸ் பாட்டிலுக்குள் திரவமும் அதன் ஆவியும் சேர்ந்திருக்கின்றன. உள்ளே அழுத்தம் எவ்வளவு என்பதை வெப்பநிலை மட்டுமே தீர்மானிக்கிறது. 20 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய 730 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் 900க்குச் சற்று மேல். எல்லோரும் சொல்லும் 900-950 என்ற எண் இந்த 30 டிகிரியில் இருந்து வருவதுதான்.

பெட்ரோல் பிரஷரை ரெகுலேட்டர் பிடித்து வைத்திருக்கிறது. நைட்ரஸ் பக்கம் ரெகுலேட்டர் கிடையாது. பாட்டில் பிரஷர் 950ஐத் தாண்டி ஏறினால் அதே ஜெட்டில் நைட்ரஸ் கூடுதலாகத் தள்ளப்படும், பெட்ரோல் கூடாது. கலவை லீன். வெயிலில் நிறுத்திய காரில் இது தானாக நடக்கும். 14.6 கம்ப்ரெஷனில் அதைத் தாங்க இடம் இல்லை.

36.4 டிகிரியைத் தாண்டினால் இன்னும் மோசம். நைட்ரஸின் கிரிட்டிகல் வெப்பநிலை அது; அதற்கு மேல் பாட்டிலுக்குள் திரவம் என்ற ஒன்றே கிடையாது. (ஆக்சிஜன் சதவீதமும் 36.4 என்பது தற்செயல். ஞாபகம் வைத்துக்கொள்ள வசதி.) அதற்குப் பிறகு குழாயில் வரும் பொருளின் அடர்த்தியே நிலையாக இருக்காது, எந்த ஜெட் கணக்கும் செல்லாது. தெர்மோஸ்டாட் உள்ள போர்வை ஹீட்டர் மட்டும் போதும்.


கால்மைல்:

தலை சுத்துது, ஆனா இப்பத்தான் தெளிவும் வருது. ரெண்டு கேள்வி பாக்கி. கேமை மாத்தியே ஆகணுமா? இன்ஜினைப் பிரிக்காம, சும்மா 75 ஷாட் போட்டு ருசி பாக்கலாமா?


பழையரிங்:

கேம்: உன் 106 லோப் செபரேஷன்ல ஓவர்லாப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வ் ரெண்டும் சேந்து திறந்திருக்கிற நேரம்) அதிகம். நேச்சுரலுக்கு அதுதான் உயிர், எக்ஸாஸ்ட் இழுக்கிற இழுப்புல புதுக் கலவை உள்ள வரும். நைட்ரஸ் ஓடுறப்ப அந்த இழுப்புலயே கொஞ்சம் நைட்ரஸும் எரியாம வெளிய போயிரும். போகட்டும், அதனால இன்ஜின் சாகாது. நைட்ரஸ் கேம்னா 112லருந்து 116க்குள்ள இருக்கும், எக்ஸாஸ்ட் டியூரேஷன் கூட, எக்ஸாஸ்ட் வால்வ் சீக்கிரம் திறக்கும். உள்ள கூடுதலா எரிஞ்சது வெளிய போகணுமில்ல. 150க்குக் கேம் மாத்துறது கட்டாயமில்ல, 300க்குக் கட்டாயம்.

75 ஷாட்டுன்னு கேட்டியே, 0.018 கேப்ல நான் அதுக்கும் சம்மதிக்க மாட்டேன். “எங்க பக்கத்துல ஒருத்தர் போட்டு ஓட்டுறார்”னு நாலு பேர் வந்து சொல்லுவாங்க. ஓட்டலாம், கேப் முட்டாத வரைக்கும். முட்டுறதுக்கு முன்னாடி அது சத்தம் போட்டுச் சொல்லாது.


நாலாம்கியர்:

முதல் முறையாக பழையரிங்கோடு முழுசாக ஒத்துப்போகிறேன்.


சிவப்புக்கோடு:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்லுவேன். அரைக்கால் மைல் (கால் மைல்ல பாதி) ஓட்டத்துல, ஹை கியர்ல மட்டும் ரெண்டு மூணு செகண்டு 75 போட்டுப் பாக்குறதுக்கும் கால் மைல் பூரா போடுறதுக்கும் வித்தியாசம் இருக்கு. ரிங் சூடேற நேரம் வேணும். ஆனா அந்த ரெண்டு மூணு செகண்டுல நேரம் என்ன குறையப் போகுது? ஆசைக்கு மட்டும்தான். அதனால பழையரிங் சொல்றதே சரி, விடுங்க.


ஈரத்தட்டு:

பிளக் பத்தி யாரும் சொல்லல. எட்டையும் ரெண்டு படி குளிர்ச்சியானதா மாத்துங்க. என்ஜிகேல எண் ஏற ஏற குளிர்ச்சி, வேற சில கம்பெனியில தலைகீழ், பாத்து வாங்குங்க. முனை நீட்டிக்கிட்டு இருக்கிற டைப் வேண்டாம். கேப் 0.025க்குப் பக்கத்துல வைங்க, பிரஷர் ஏறுறப்ப பெரிய கேப்ல ஸ்பார்க் தாண்டாது.

டைமிங்கை முதல்ல 26ல வைங்க. ஓட்டி முடிச்ச கையோட கோட்டுக்கு அந்தப் பக்கமே இன்ஜினை நிறுத்தி வண்டியைத் தள்ளிக்கிட்டு வாங்க. ஐடில்ல ஓட்டிக்கிட்டு வந்தா பிளக் பொய் சொல்லும். கழட்டி லென்ஸ் வச்சுப் பாருங்க. கிரவுண்ட் ஸ்ட்ராப்ல நிறம் மாறுன கோடு ஒண்ணு தெரியும். அது ஸ்ட்ராப் வளையிற இடத்துல இருந்தா சரி. வளைவைத் தாண்டி திரெட் பக்கம் இறங்கிருந்தா டைமிங் அதிகம். வெள்ளைப் பீங்கான் மேல மிளகுத்தூள் தூவுன மாதிரி கறுப்புப் புள்ளி இருந்தா டிட்டனேஷன் ஆரம்பம். அந்தப் புள்ளி மினுமினுன்னு வெள்ளி நிறத்துல இருந்தா அது உங்க பிஸ்டன் அலுமினியம், அன்னைக்கு வேற ஓட்டம் கிடையாது. சாலிட் லிஃப்டர் சத்தத்துல நாக் சென்சார் எதையும் கேக்காது, உங்களுக்கு இருக்கிறது இந்த லென்ஸ் மட்டும்தான்.

எல்லாம் சுத்தமா இருந்தா ஒரு டிகிரி ஏத்துங்க. ஏத்தியும் கோட்டு வேகம் ஏறலைன்னா திரும்ப இறக்கிருங்க. அதுக்கு மேல டைமிங் குடுத்தா பிரஷர்தான் கூடும், வேகம் கூடாது.


கால்மைல்:

முடிவு பண்ணிட்டேன். இந்த சீசன் பூரா நேச்சுரலாவே ஓட்டுறேன். முடிஞ்சதும் எப்படியும் பேரிங் மாத்தப் பிரிக்கணும். அப்ப பிஸ்டனை மாத்திடறேன். டாப் ரிங் 0.300 கீழ, கேப் 0.027, டோம் சின்னதாக்கி 13.5 கம்ப்ரெஷன். 11க்குப் போகல, 14.6லயும் நிக்கல. கேம் அப்படியே இருக்கட்டும். பின்னாடி 4.56, ரெண்டு டேங்க்லயும் சி16. நாலாம்கியர், பழையரிங், ரெண்டு பேருக்கும் சம்மதமா?


நாலாம்கியர்:

13.5ம் சின்ன டோமும் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. டோம் விளிம்பை உருட்டச் சொல்லி ஆர்டர் ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள், வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள்.


பழையரிங்:

13.5க்குப் போகாம 14லயே நின்னிருப்பேன். அது என் பிடிவாதம், விடு. கேஸ் போர்ட்டை வெர்ட்டிகல் வேண்டாம், லேட்டரல் கேளு. பின் தடிமனை இன்னும் நீ சொல்லல. 0.927 பின்னா இருந்தா சுவர் 0.200க்குக் குறையாம வாங்கு. பின் வளைஞ்சா பிஸ்டன் பாஸ் பிளக்கும், அப்புறம் ரிங் கேப் எவ்வளவு வச்சும் பிரயோஜனம் இல்ல. இன்ஜினைப் பிரிக்கிறப்ப ரிங் முனைகளைப் போட்டோ எடுத்துப் போடு, இப்பவே எவ்வளவு நெருங்கியிருக்குன்னு பாக்கணும்.


சிவப்புக்கோடு:

பாட்டில் எங்க வைக்கப்போறீங்க? ஓட்டுறவர் உக்கார்ற பகுதியில வச்சா ரிலீஃப் வால்வும் வெளிய போற வென்ட் குழாயும் இருக்கணும்ங்கிறது அமெரிக்க டிராக் ரேஸ் சங்கமான என்ஹெச்ஆர்ஏவோட விதி. பாட்டில்ல டாட்-1800 (1,800 பிஎஸ்ஐ தாங்கும்ங்கிற) முத்திரை இருக்கணும், பிராக்கெட் நிரந்தரமா இருக்கணும். ஹோஸ் கிளாம்ப்ல கட்டி எடுத்துட்டுப் போனா டெக் இன்ஸ்பெக்ஷன்லயே திருப்பி அனுப்பிருவாங்க.


கால்மைல்:

பின் சீட்டு இருந்த இடத்துலதான் வைக்கணும், அப்ப வென்ட் குழாய் வேணும். பிராக்கெட்டை இந்த வாரமே வெல்ட் பண்ணிடறேன். பிஸ்டன் பின்னோட அளவை இன்ஜினைப் பிரிச்சதும் சொல்றேன் பழையரிங் அண்ணே.